இங்கிலாந்தில் வாடகை வீட்டை வீட்டுக்காரர் எப்போது திரும்பப் பெறலாம்?

"காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டுது, இரண்டு மாத நோட்டீஸ் தந்தாச்சு, இனி வீட்டை விடத்தான் வேணும்." லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் பல வருடங்களாக இப்படிச் சொல்லி வருகிறார்கள். சொல்பவர் வீட்டுக்காரராக இருப்பார், கேட்பவர் வாடகைக்கு இருப்பவராக இருப்பார், பல வேளைகளில் இருவரும் தமிழர்களாகவே இருப்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்தது. 2026 மே 1 முதல் அதுவும் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறான பேச்சு பரவியிருக்கிறது. "புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி யாரையும் எழுப்பவே முடியாது, வாடகைக்கு விட்டால் வீடு போச்சு" என்கிறார்கள். இதுவும் சரியல்ல. வீட்டைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அதற்குச் சட்டம் ஏற்கும் காரணம் ஒன்று வேண்டும், அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ இருப்பவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எது மாறியது

வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி காரணம் சொல்லாமல் ராஜினாமா செய்யலாம், நோட்டீஸ் காலம் வேலை பார்த்தால் போதும். முதலாளி அவரை நீக்குவதென்றால் பொதுவாகக் காரணம் காட்ட வேண்டும், அந்தக் காரணத்தை வெளியாள் ஒருவர் சரிபார்க்கவும் முடியும். வாடகை வீட்டிலும் இப்போது அதே நிலைதான். வாடகைதாரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, ஏன் என்று சொல்லாமல் போகலாம். வீட்டுக்காரர் காரணம் காட்டியாக வேண்டும்.

முன்பு இப்படி இல்லை. 1988ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தில் 21ஆம் பிரிவு இருந்தது. எல்லோரும் "செக்ஷன் 21" என்று சொல்வது இதைத்தான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும், எந்தக் காரணமும் சொல்லாமல், குறைந்தது இரண்டு மாத நோட்டீஸில் வீட்டைக் கேட்க அது வழிவிட்டது. 2025 அக்டோபர் 27இல் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை நீக்கியது. தனியார் வாடகை வீடுகளில் அந்த நீக்கம் 2026 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் முறையாகக் கொடுத்த செக்ஷன் 21 நோட்டீஸை வைத்து வழக்குத் தொடர 2026 ஜூலை 31தான் கடைசி நாள்.

அதே மே 1இல் இன்னொன்றும் நடந்தது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று காலக்கெடு போட்டிருந்த ஒப்பந்தங்கள் தாமாகவே காலக்கெடு இல்லாத வாடகைகளாக மாறின. மாதத்துக்கு மாதம் தொடரும் இந்த வகைக்குப் 'பீரியாடிக் டெனன்சி' என்று பெயர். உங்கள் ஒப்பந்தத்தில் "2026 அக்டோபரில் முடியும்" என்று எழுதியிருந்தாலும் அந்த வரிக்கு இப்போது வலு இல்லை. ஆகவே "காண்ட்ராக்ட் முடிந்தது" என்பது ஒரு காரணமே அல்ல.

இதுவரை சொன்னதன் சாரம்: முடிவுத் தேதி என்று ஒன்று இல்லை. வாடகை நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டை மீட்க வேண்டுமானால் சட்டம் எழுதிவைத்த காரணங்களில் ஒன்று பொருந்த வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது

பலர் தவறு செய்யும் இடம் இது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுக்காரர் தன் குடும்பத்தோடு வசிக்கும் அதே வீட்டில் ஓர் அறையை எடுத்து, அவரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டால், நீங்கள் 'லாட்ஜர்'. படிக்க வரும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் தங்குகிறார்கள். லாட்ஜருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வீட்டுக்காரர் நியாயமான கால அவகாசம் கொடுத்தால் போதும், நீதிமன்ற உத்தரவு தேவையில்லை.

ஆனால் வீட்டுக்காரர் வேறிடத்தில் இருந்துகொண்டு, ஒரே வீட்டின் நான்கு அறைகளை நான்கு பேருக்கு விட்டிருந்தால் நிலைமை வேறு. சமையலறையைப் பகிர்வது மற்ற வாடகைதாரர்களோடுதானே தவிர வீட்டுக்காரரோடு அல்ல. அங்கே முழுப் பாதுகாப்பும் பொதுவாக உண்டு. கையெழுத்திட்ட தாளில் 'லாட்ஜர்' என்று அச்சிட்டிருந்தாலும் உண்மை நிலைதான் கணக்கு.

காரணம் என்றால் என்ன

வீட்டை மீட்கச் சட்டம் ஏற்கும் காரணத்துக்குக் 'கிரவுண்ட்' என்று பெயர். 1988 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எண் போட்டு இவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் தானாக ஒரு காரணத்தை உருவாக்க முடியாது. "எங்களுக்கு ஒத்துவரவில்லை", "பக்கத்து வீட்டில் கூடுதல் வாடகை வருகிறது" என்பவை எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

கிரவுண்டுகள் இரண்டு வகை. முதல் வகையில், நிரூபித்துவிட்டால் நீதிபதி உத்தரவு கொடுத்தே ஆக வேண்டும். இதைக் கட்டாய வகை என்போம். இரண்டாம் வகையில், நிரூபித்த பிறகும், இந்தக் குடும்பத்தை வெளியேற்றுவது நியாயமா என்று நீதிபதி பார்ப்பார். இதை விருப்புரிமை வகை என்போம். இந்த வகையில் நிபந்தனையோடு உத்தரவை நிறுத்திவைக்கவும் அவரால் முடியும். உதாரணமாக, மாத வாடகையோடு பாக்கியில் 100 பவுண்டும் சேர்த்துக் கட்டி வந்தால் வெளியேற வேண்டாம் என்று சொல்லலாம்.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் எந்த எண் போட்டிருக்கிறது, அது எந்த வகை என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வீட்டுக்காரர் குடிவருவது: கிரவுண்ட் 1

இது கட்டாய வகை, நோட்டீஸ் நான்கு மாதம். வீட்டுக்காரரோ அவருடைய நெருங்கிய உறவினரோ அந்த வீட்டைத் தங்கள் முதன்மை வசிப்பிடமாக்கப் போகிறார்கள் என்று காட்ட வேண்டும்.

'நெருங்கிய உறவினர்' என்றால் யார் என்பதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். நம் குடும்பக் கணக்கு வேறு, சட்டத்தின் கணக்கு வேறு. சட்டத்தில் இருப்பவர்கள்: கணவன் அல்லது மனைவி, அல்லது அப்படிச் சேர்ந்து வாழ்பவர்; அப்பா அம்மா; தாத்தா பாட்டி; உடன்பிறந்தவர்கள்; பிள்ளைகள்; பேரப்பிள்ளைகள்; துணையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அவ்வளவுதான். சித்தப்பா இல்லை, மாமா இல்லை, அக்காவின் மகன் இல்லை. துணையின் பெற்றோரான மாமனார் மாமியாரும் பட்டியலில் இல்லை. மனைவியின் அம்மா ஊரிலிருந்து வருகிறார், அவருக்கு வீடு வேண்டும் என்று கணவர் தன் பெயரில் மட்டும் உள்ள வீட்டைக் கேட்டால் கிரவுண்ட் 1 நிற்காது. வீடு மனைவியின் பெயரிலும் இருந்தால் கதை வேறு, ஏனென்றால் அப்போது அது வீட்டுக்காரரின் தாய்.

காலக்கணக்கும் உண்டு. முதல் 12 மாதங்களுக்குள் இந்தக் காரணத்தால் வீட்டைக் கேட்க முடியாது. நோட்டீஸில் குறிக்கும் தேதிதான் 12 மாதத்தைத் தாண்டியிருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுக்கும் நாள் அல்ல. 2026 ஜூன் 1இல் குடிவந்தவருக்கு 2027 ஜனவரி கடைசியில் நோட்டீஸ் வரலாம். அதில் உள்ள தேதி மட்டும் 2027 ஜூனுக்கு முன்னதாக இருக்கக் கூடாது.

வீட்டை விற்பது: கிரவுண்ட் 1ஏ

இது புதிதாகச் சேர்ந்த கட்டாயக் காரணம். நான்கு மாத நோட்டீஸும் முதல் 12 மாதப் பாதுகாப்பும் இதற்கும் உண்டு. விற்கும் எண்ணம் உண்மையானது என்று நீதிமன்றம் ஏற்க வேண்டும். எஸ்டேட் ஏஜென்ட்டோடு செய்த ஒப்பந்தம், சொலிசிட்டரின் கடிதம் போன்றவை அங்கே உதவும். வாய்ப்பேச்சு மட்டும் இருந்தால் நீதிபதி கேள்வி கேட்பார்.

இந்த இரண்டு காரணங்களுக்கும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள். நோட்டீஸில் குறித்த தேதிக்குப் பிறகு 12 மாதம்வரை அந்த வீட்டை மறுபடி வாடகைக்கு விடக் கூடாது. விளம்பரமும் செய்யக் கூடாது. ஏர்பிஎன்பி போலக் குறுகிய காலத்துக்கு விடுவதும் இதில் அடங்கும். சந்தை மந்தமாகி வீடு விற்காமல் போனாலும் இந்தத் தடை நீங்காது. மீறினால் கவுன்சில் 40,000 பவுண்டுவரை அபராதம் விதிக்கலாம். "விற்கப் போகிறேன்" என்று சொல்லி எழுப்பிவிட்டு, அடுத்த மாதம் 300 பவுண்டு கூட்டி வேறு ஆளை வைப்பதைத் தடுக்கத்தான் இது. தேவையான ஏற்பாடு என்றே நாங்கள் கருதுகிறோம். இது இல்லாவிட்டால் நீக்கிய செக்ஷன் 21 வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

சுருக்கமாக: குடிவருவது, விற்பது இரண்டுக்கும் நான்கு மாத நோட்டீஸ், முதல் வருடம் கேட்க முடியாது, பிறகு ஒரு வருடம் வாடகைக்கு விட முடியாது.

வாடகை பாக்கி: 8, 10, 11

நீதிமன்றத்துக்கு அதிகம் போவது இதுதான். மூன்றுக்கும் நோட்டீஸ் நான்கு வாரம்.

கிரவுண்ட் 8 கட்டாய வகை. மாத வாடகையானால் குறைந்தது மூன்று மாதப் பாக்கி இருக்க வேண்டும், வார வாடகையானால் 13 வாரம். இந்த அளவு இரண்டு நாட்களில் இருக்க வேண்டும்: நோட்டீஸ் கொடுத்த நாளிலும் விசாரணை நாளிலும். இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். வாடகை 1,500 பவுண்டு, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி முன்கூட்டியே கட்ட வேண்டும். ஜனவரி 1, பிப்ரவரி 1, மார்ச் 1 மூன்றும் தவறினால் மார்ச் 2 அன்று பாக்கி 4,500 பவுண்டு. வாடகை முன்பணமாக வருவதால், 'மூன்று மாதப் பாக்கி' சேர உண்மையில் இரண்டு மாதமும் ஒரு நாளும் போதும். மூன்று மாதம் முழுதாக இருக்கிறதே என்று ஆறப்போடுபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது விசாரணை நாள். அதற்குள் புதிதாகச் சேர்ந்த மாதங்களையும் கட்டி, பழைய பாக்கியில் 10 பவுண்டு குறைத்து 4,490இல் நிறுத்திவிட்டாலும் கிரவுண்ட் 8 விழுந்துவிடும். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் வரவேண்டிய வீட்டுப்பணம் இன்னும் கைக்கு வராததால் ஏற்பட்ட பாக்கியும் இந்த மூன்று மாதக் கணக்கில் சேராது. ஆகவே வாடகை கட்டிய வங்கி ஸ்டேட்மென்ட்டும், யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் வந்த செய்திகளும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாடகையை ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ரசீது இல்லாத ரொக்கத்தை விசாரணை நாளில் நிரூபிப்பது பெரும்பாடு.

விவரமறிந்த வீட்டுக்காரர் கிரவுண்ட் 8ஐ மட்டும் நம்பியிருக்க மாட்டார். அதே நோட்டீஸில் 10ஐயும் 11ஐயும் சேர்ப்பார். கிரவுண்ட் 10க்கு ஏதோ கொஞ்சம் பாக்கி இருந்தாலே போதும். கிரவுண்ட் 11 என்பது அடிக்கடி தாமதிப்பது, அன்று பாக்கியே இல்லாவிட்டாலும் பொருந்தும். இரண்டும் விருப்புரிமை வகை என்பதால், ஏன் தவறியது, இப்போது நிலைமை என்ன, தவணையில் கட்ட முடியுமா என்று நீதிபதி கேட்பார். வேலை போன கடிதம், புது வேலைச் சம்பளச் சீட்டு, எழுதிக் கொண்டுபோன தவணைக் கணக்கு எல்லாம் பயன்படும் இடம் இது.

மற்ற காரணங்கள்

பட்டியல் நீளமானது. அடிக்கடி வருபவற்றை மட்டும் பார்ப்போம். வீட்டை இடித்துக் கட்ட அல்லது பெரிய அளவில் திருத்த, ஆள் இருந்தால் வேலை நடக்காது என்றால் கிரவுண்ட் 6. கட்டாய வகை, நான்கு மாதம். இதில் வாடகைதாரர் வீடு மாறும் நியாயமான செலவை வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும், பலர் இதைக் கேட்பதே இல்லை. சமையலறைக்குப் பெயின்ட் அடிப்பதும் போய்லர் மாற்றுவதும் இந்தக் கணக்கில் வராது.

ஒப்பந்த விதியை மீறுவது கிரவுண்ட் 12. வீட்டைச் சேதப்படுத்துவது 13. பொய்த் தகவல் கொடுத்து வீட்டை எடுத்தது 17. மூன்றும் விருப்புரிமை வகை, நோட்டீஸ் இரண்டு வாரம். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுப்பது கிரவுண்ட் 14. அதில் நோட்டீஸ் கொடுத்த உடனேயே வழக்குத் தொடரலாம், ஆனாலும் முடிவு நீதிபதியின் கையில். மாணவர்கள் பகிர்ந்து வாழும் வீடுகளுக்குக் கிரவுண்ட் 4ஏ உண்டு. அதைப் பயன்படுத்தப் போவதாக முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், நோட்டீஸில் உள்ள தேதி ஜூன் 1க்கும் செப்டம்பர் 30க்கும் இடையில் வர வேண்டும்.

நோட்டீஸ் வந்த பிறகு நடப்பது

மேலே சொன்ன காரணங்களைத் தெரிவிக்கும் தாள்தான் 'செக்ஷன் 8 நோட்டீஸ்'. அரசு வகுத்த படிவத்தில் எழுதி, எல்லா வாடகைதாரர்களின் பெயரையும் போட்டு, எந்தக் கிரவுண்ட், ஏன் பொருந்துகிறது என்ற விவரத்தோடு கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் காலி பண்ணுங்கோ" என்று அனுப்புவது நோட்டீஸ் ஆகாது. வாய்வழியாகச் சொல்லி வாடகையை முடிக்கப் பார்த்தால் கவுன்சில் 7,000 பவுண்டுவரை அபராதம் போட முடியும்.

இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறான எண்ணம் நோட்டீஸ் தேதியைப் பற்றியது. அந்தத் தேதி வீட்டை விட்டுப் போக வேண்டிய நாள் அல்ல. அது வீட்டுக்காரர் வழக்குத் தொடரக்கூடிய முதல் நாள். அந்த நாள் கடந்தும் நீங்கள் சட்டப்படிதான் அங்கே இருக்கிறீர்கள், வாடகையும் தொடர்ந்து கட்ட வேண்டும். நோட்டீஸைக் கண்டதும் பயந்து வெளியேறிவிட்டு, பிறகு வீடு கேட்டுக் கவுன்சிலுக்குப் போனால், நீங்களே வேண்டுமென்று வீட்டை இழந்ததாக அவர்கள் முடிவு செய்யும் ஆபத்து உண்டு.

வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்த 12 மாதத்துக்குள் கவுன்டி கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். செக்ஷன் 21 வழக்குகளைப் போலத் தாள்களை மட்டும் பார்த்து முடிக்கும் வழி இனி இல்லை, விசாரணை நடக்கும். கோர்ட்டிலிருந்து வரும் உறையோடு பதில் படிவம் இருக்கும். அதை 14 நாட்களுக்குள் நிரப்பி அனுப்புங்கள், அனுப்பத் தவறினாலும் விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். அன்று கோர்ட்டிலேயே அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார், உங்கள் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. உள்ளே போகும்போதே "டியூட்டி அட்வைசர் எங்கே?" என்று கேளுங்கள்.

விசாரணையில் வீட்டுக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். தேதி ஒரு நாள் குறைவு, ஒரு வாடகைதாரரின் பெயர் விடுபட்டது, நோட்டீஸ் கொடுத்ததற்குச் சான்று இல்லை. டெபாசிட் இன்னொன்று. அதை அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில், வாங்கிய 30 நாட்களுக்குள் போட்டிருக்க வேண்டும். போடாமலே வழக்குக்கு வந்தால், தொல்லை தொடர்பான 7ஏ, 14 தவிர வேறு எந்தக் கிரவுண்டிலும் நீதிபதி உத்தரவு தர முடியாது. விசாரணைக்கு முன் தாமதமாகவேனும் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் தாமதத்துக்காக டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்குவரை வாடகைதாரர் நட்டஈடு கேட்க முடியும்.

உத்தரவு வந்துவிட்டால், கட்டாய வகையில் வழக்கமாக 14 நாள் அவகாசம். கைக்குழந்தை, கடும் நோய் போன்ற மிகுந்த கஷ்டம் இருந்தால் கூடுதல் நாட்கள் கேட்டுப் பெறலாம், ஆனாலும் மொத்தம் ஆறு வாரத்துக்கு மேல் போகாது. அந்த நாளும் கடந்தால் வீட்டுக்காரர் பெய்லிஃபுக்கு விண்ணப்பிப்பார். பெய்லிஃப் என்பவர் கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அலுவலர். அவர் வரும் நாளையும் நேரத்தையும் குறைந்தது 14 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

ஆக, நோட்டீஸ், வழக்கு, உத்தரவு, பெய்லிஃப் என்று நான்கு கட்டம். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதிக்க யாருக்கும் அனுமதி இல்லை.

பூட்டை மாற்றினால்

உத்தரவும் பெய்லிஃபும் இல்லாமல் பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே வைப்பது, கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தி விரட்டுவது எல்லாம் 1977ஆம் ஆண்டு வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும் குற்றமே. கவுன்சில் வழக்குப் போடலாம், அல்லது 40,000 பவுண்டுவரை அபராதம் விதிக்கலாம். வாடகைதாரர் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து, கட்டிய வாடகையில் இரண்டு வருட அளவுவரை திரும்பக் கேட்கவும் வழி உண்டு. "அவர் நமக்குச் சொந்தம், கேஸ் போட மாட்டார்" என்ற நம்பிக்கையில் இதைச் செய்யும் வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டையே பணயம் வைக்கிறார்கள்.

இப்படி நடந்தால் கவுன்சிலில் தனியார் வாடகைப் பிரிவைக் கூப்பிடுங்கள், மிரட்டலோ கைகலப்போ இருந்தால் 999ஐ அழையுங்கள். பூட்டிய கதவையும் வெளியே கிடக்கும் சாமான்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். நோட்டீஸ் மட்டும் வந்திருந்தால், அந்தத் தாள், அது வந்த உறை, வாடகை ஒப்பந்தம், டெபாசிட் சான்றிதழ், கடைசி 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட் இவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுப் பிரச்சினைகளில் உதவும் ஷெல்டர் அமைப்பையோ, பொது ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸையோ அந்த வாரத்திலேயே அணுகுங்கள். இரண்டிலும் ஆலோசனை இலவசம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், முதல் அழைப்பிலேயே "தமில் இன்டர்பிரட்டர் ப்ளீஸ்" என்று கேளுங்கள்.